தரை ஆர்க்கிட் கிழங்கு கார்த்திகையில் ஏன் அழுகுகிறது? குடில் அமைப்பும் உறக்கக் காலப் பராமரிப்பும்

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க்கு அருகே பூச்செடி நாற்றங்கால் வைத்திருக்கும் ஓர் இளைஞர் அண்மையில் என்னைப் பார்க்க வந்தார். கையில் இருந்த பையில் ஏழெட்டுக் கிழங்குகள். தொட்டால் விரல் உள்ளே இறங்கியது. அழுகல் வாடை.

"சார், ஆன்லைன்ல வாங்குனது. ஆவணியில நல்லாப் பூத்துச்சு. ஐப்பசியில இலை பழுத்துச்சுன்னு உரம் வச்சு, தண்ணியும் கூட விட்டேன். இப்படி ஆயிட்டு. வெளிநாட்டுல குளிர்காலத்துக்குக் கண்ணாடிக் குடில் போடுதாங்களாம். நாமளும் குளிர்சாதனம் வச்சு ஒண்ணு போட்டா என்ன? லோன் கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். லோன் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். அந்தக் கிழங்குகள் வெயிலாலோ குளிராலோ சாகவில்லை. தூங்க வேண்டிய நேரத்தில் நனைந்ததால் அழுகின. தரை ஆர்க்கிட்டின் உறக்கக் காலத்தைப் புரிந்துகொண்டால், நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் செலவு குறைந்த குடிலில் அதை வளர்க்க முடியும்.

தரை ஆர்க்கிட் என்பது எது?

ஆர்க்கிட் என்றதும் மரத்தில் ஒட்டி, வேரைக் காற்றில் தொங்கவிடும் செடிதான் நினைவுக்கு வரும். கடையில் பூங்கொத்தில் வரும் டென்ட்ரோபியம் அந்த வகை. ஆனால் மண்ணில் வேர்விட்டு வளரும் ஆர்க்கிட்டுகளும் ஏராளம். அவற்றைத் தரை ஆர்க்கிட் என்கிறோம். நாற்றங்கால்காரர்கள் 'கிரவுண்ட் ஆர்க்கிட்' என்பார்கள்.

இவற்றில் பல, ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே தரைக்கு மேலே தெரியும். மற்ற மாதங்களில் இலை முழுவதும் காய்ந்து, மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளையோ சேனைக்கிழங்கையோ பயிரிட்டவர்களுக்கு இது புதிதல்ல. சேனையின் தண்டு சாய்ந்து பழுத்தால் நாம் பதறுவதில்லை, கிழங்கு முற்றிவிட்டது என்று மகிழ்கிறோம். ஆர்க்கிட் இலை பழுத்தால் மட்டும் உரம் வைக்க ஓடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஹபனேரியா போன்ற வகைகளில் ஆண்டுதோறும் கிழங்கே மாறிவிடும். பழைய கிழங்கு செடிக்கும் பூவுக்கும் தன் சேமிப்பைக் கொடுத்துச் சுருங்கும். பக்கத்தில் புதுக் கிழங்கு பருக்கும். இலை பச்சையாக இருக்கும்போது தயாரிக்கும் மாவுச்சத்துதான் புதுக் கிழங்கை நிரப்புகிறது. எனவே பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு சிறுத்துப்போகும். இலை தானாகப் பழுத்து உதிரும்வரை கத்தியைத் தொடாதீர்கள்.

குளிர் நாடுகளில் குடில் எதற்கு?

ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் சைப்ரிபீடியம், பிளியோனி, பிளட்டில்லா போன்ற தரை ஆர்க்கிட்டுகளை வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் அவற்றைச் சூடேற்றாத குடிலில் வைப்பார்கள். செடியைக் கதகதப்பாக வைப்பதுதான் நோக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சைப்ரிபீடியத்துக்கு 2 முதல் 3 மாதம் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிர் கட்டாயம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மறு ஆண்டு ஒழுங்காக முளைக்காது. குளிர் அவர்களுக்குத் தேவைதான். தூங்கும் கிழங்கின் மேல் விழும் குளிர்கால மழையும், தொட்டிக்குள் தேங்கும் நீருமே அவர்களுக்குப் பெரிய தொல்லை. கண்ணாடிக் கூரை அதைத் தடுக்கிறது. பக்கச் சாளரங்களைத் திறந்து காற்றோட்டமும் கொடுக்கிறார்கள்.

சேரன்மகாதேவியில் தை மாத இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. 5 டிகிரிக்குக் கொண்டுவரக் குளிர்பதனக் கிடங்கே கட்ட வேண்டும். விசிறியும் ஈரத்தட்டியும் கொண்ட பசுமைக்குடில் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது நீர் ஆவியாவதால் குளிரும் அமைப்பு. காற்று வறண்டிருக்கும் கோடையில் சில டிகிரி குறையும். கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அதனால் பயனில்லை. ஆகவே சைப்ரிபீடியத்தை மறந்துவிடுங்கள். 'மழைக்குக் கூரை, பக்கங்களில் காற்று' என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் ஊரில் சிக்கல் எங்கே?

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தாய்லாந்து போன்ற நாடுகளிலும் இயற்கையாக வளரும் கிழங்கு வகைகள் பெரும்பாலும் ஜூன் மாத மழையில் முளைத்து, ஜூலை முதல் அக்டோபருக்குள் பூத்து, நவம்பர் வாக்கில் உறங்கப் போகின்றன. அவை தூங்கும்போது மண் காய்ந்துகொண்டே வரும். அந்த நாட்காட்டி அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது.

நம் பள்ளத்தாக்கின் நாட்காட்டி வேறு. கார் பருவத்தில் அணை நீரும் சாரலும் உண்டே தவிர, சேரன்மகாதேவி, பத்தமடை பகுதிகளில் பெருமழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். பிசான நெல்லுக்கு அது உயிர்நீர். தூங்கப் போகும் ஆர்க்கிட் கிழங்குக்கு அதுவே எமன். இலை இல்லாத செடி நீரை உறிஞ்சாது. தொட்டியில் நீர் தேங்கும், காற்று போகாது, அழுகல் பூஞ்சாணங்கள் பெருகும். தை பிறக்கும்போது தோண்டினால் கூழ்தான் மிஞ்சும்.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். முதல் ஆண்டு 12 கிழங்குகளை வீட்டு மொட்டை மாடியில் தொட்டிக்கு ஒன்றாக வைத்தேன். ஐப்பசியில் இலை மஞ்சளானதும் தழைச்சத்துக் குறைவு என்று முடிவுகட்டி யூரியா கரைசல் ஊற்றினேன். வேளாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவன் செய்த வேலை இது. 10 கிழங்குகள் போயின. இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்து, தண்ணீர் விட மறந்துபோன 2 தொட்டிகள் மட்டும் வைகாசியில் முளைத்தன. மறதி காப்பாற்றியதை என் படிப்பு காப்பாற்றவில்லை.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

• ஸ்பாத்தோகுளோட்டிஸ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது. பனங்கன்று போன்ற மடிப்பு இலை. ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்களில் பூக்கும். வெப்பத்தைத் தாங்கும். நீர் கிடைத்தால் முழுமையாக உறங்காமல் ஆண்டில் பல மாதம் பூக்கும்.

• ஹபனேரியா ரோடோகைலா: தென்கிழக்காசிய வகை. செம்மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்புப் பூக்கள். கட்டாய உறக்கம் உண்டு. இரண்டாம் ஆண்டில் முயலுங்கள்.

• பெக்டைலிஸ் ஜைகான்டியா: பெரிய வெள்ளைப் பூ, இரவில் மணம் வீசும். இந்தியாவிலும் இயற்கையாகக் காணப்படுவது. இதற்கும் கட்டாய உறக்கம் உண்டு.

விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை உணவு கொடுத்தால்தான் முளைக்கும். இதை 1899-ல் பிரெஞ்சு அறிவியலாளர் நோயல் பெர்னார்ட் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று நாற்றங்கால்களில் கிடைக்கும் கன்றுகள் பல, அந்த வழியில் ஆய்வகக் குடுவையில் பிறந்தவை. அத்தகைய கன்றுகளையோ, நாற்றங்காலிலேயே பெருக்கிய கிழங்குகளையோ ரசீதுடன் வாங்குங்கள்.

குடில் அமைப்பு

ஏற்கெனவே நிழல்வலைக் குடில் இருந்தால் அதுவே போதும். கீழ்க்கண்டவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. 50 சதவீத நிழல்வலை. மேற்கு வெயில் நேராக விழும் இடமானால் அந்தப் பக்கம் மட்டும் 75 சதவீதம்.

2. புரட்டாசிக் கடைசிக்குள் வலைக்கு மேலே 200 மைக்ரான் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் கூரை. நீர் தேங்காதபடி சாய்வாக இழுத்துக் கட்டவும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாசியில் சுருட்டிவிடலாம்.

3. நான்கு பக்கமும் பாலித்தீன் வேண்டாம். வலை மட்டும் போதும். பக்கங்களை அடைத்தால் உள்ளே புழுக்கமும் பூஞ்சாணமும் கூடும்.

4. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இரண்டரை அடி உயர மேடையில் வைக்கவும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை கடந்து ஓடியது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் குடில் போடுபவர்கள் மேடை உயரத்தை அதை மனதில் வைத்துத் தீர்மானியுங்கள்.

5. ஆனி, ஆடிக் காற்றுக்குத் தென்மேற்கில் தடுப்பு. அகத்தி வரிசையோ, இரட்டை நிழல்வலையோ போதும்.

புதிதாக நிழல்வலைக் குடில் அமைப்பவர்களுக்குத் தோட்டக்கலைத் துறை மூலம் மானியம் உண்டு. பரப்பளவும் விதிமுறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கலவையும் நடவும்

வயல் மண்ணை மட்டும் போட்டால் ஆர்க்கிட் பிழைக்காது. நம் களிமண் நீரைப் பிடித்துவைக்கும். கிழங்கு வகைகளுக்கு நான் பரிந்துரைக்கும் கலவை: கழுவிய பருமணல் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, நன்கு மக்கிய சலித்த இலைமக்கு 1 பங்கு, உடைத்த மரக்கரி 1 பங்கு. ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். எம்-சாண்டைச் சலித்துத் தூசி போகக் கழுவினால் போதும். ஸ்பாத்தோகுளோட்டிஸுக்கு நார்க்கழிவை 2 பங்காகக் கூட்டலாம்.

நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்யுங்கள். பாசன நீரையும் பரிசோதியுங்கள். கால்வாய் நீர் பெரும்பாலும் பிரச்சினை தராது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை, அதாவது இ.சி. அளவு, 1-க்கு மேல் இருந்தால் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதே நல்லது. கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம்.

6 அங்குலத் தொட்டிக்கு ஒரு கிழங்கு. அடியில் ஓட்டுச் சில்லு ஒரு அங்குலம். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் கலந்து அரைமணி நேரம் கிழங்கை நனைத்து, நிழலில் உலர்த்தி, முளை மேலே பார்க்க ஒன்றரை அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை தெரியும்வரை லேசான ஈரம் மட்டும். ஸ்பாத்தோகுளோட்டிஸை நடும்போது அதன் குமிழ்த்தண்டு பாதி வெளியே தெரிய வேண்டும்.

கிழங்கு வகைகளுக்கு மாதவாரிப் பராமரிப்பு

• வைகாசி: தொட்டி மாற்றும் மாதம். கிழங்கில் முளை தெரிந்ததும் புதுக் கலவையில் நடவு செய்யவும். இரண்டு இலை விரியும்வரை நீரைக் கட்டுப்படுத்தவும்.

• ஆனி, ஆடி: வளர்ச்சிக் காலம். கலவை காயாதபடி காலையில் நீர். இலைக் குருத்துக்குள் நீர் தேங்கக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம். இதற்கு மேல் வேண்டாம். நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். ஒரு நத்தை போதும், ஒரே இரவில் குருத்து காலி.

• ஆவணி, புரட்டாசி: பூக்கும் காலம். மொட்டு தெரிந்ததும் உரத்தைப் பாதியாக்குங்கள். பூ முடிந்ததும் நிறுத்துங்கள். பாலித்தீன் கூரையைத் தயார் செய்யுங்கள்.

• ஐப்பசி: இலை நுனி பழுக்கத் தொடங்கும். நீரை வாரம் ஒருமுறையாகக் குறைத்து, பாதி இலை பழுத்ததும் நிறுத்திவிடவும். கூரை கட்டாயம்.

• கார்த்திகை, மார்கழி: முழு உறக்கம். தொட்டியைச் சாய்த்து வைத்தாலும் சரி, கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் புதைத்து வைத்தாலும் சரி. ஒரு சொட்டு மழையும் படக் கூடாது. பெயரையும் தேதியையும் எழுதிய சீட்டைத் தொட்டியில் குத்திவையுங்கள். காலித் தொட்டி என்று நினைத்துக் கொட்டிவிடுவது வீடுதோறும் நடப்பது.

• தை முதல் சித்திரை வரை: உறக்கம் தொடரும். இப்போது அபாயம் எதிர்ப்பக்கம். பங்குனி, சித்திரை வெயிலில் கிழங்கு வற்றிச் சுருங்கலாம். வீட்டின் வடக்குப் பக்கம், படிக்கட்டின் கீழ் போன்ற குளிர்ந்த நிழலுக்கு மாற்றி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டியின் ஓரத்தில் கொஞ்சம் நீர் தெளியுங்கள்.

உறக்கமா, அழுகலா?

இதைப் பிரித்தறிவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. இலை நுனியிலிருந்து அடிநோக்கி மஞ்சளாகி, தண்டின் அடி கெட்டியாக இருந்தால் அது உறக்கம். விட்டுவிடுங்கள். அடியில் தொடங்கிக் கருத்து, தண்டை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தால் அது அழுகல். உடனே தொட்டியைக் கவிழ்த்து, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் நீக்கி, வெட்டுவாயில் மரக்கரித் தூள் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் வையுங்கள். புதுக் கிழங்கு கெட்டியாக இருந்தால் பிழைக்கும். அழுகிய தொட்டியின் கலவையை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ஆனி, ஆடியில் இலை முழுவதும் மஞ்சளானால் அது உறக்கம் அல்ல. வேரையும் நீரின் உப்பையும் பாருங்கள்.

மலைப்பகுதி வாசகர்களுக்கு

ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரங்களில் இருப்பவர்கள் பிளட்டில்லா, பிளியோனி போன்ற குளிர்நாட்டு வகைகளை முயன்று பார்க்கலாம். அங்கே சூடேற்றாத குடில் பொருத்தமானது. இலை உதிர்ந்ததும் நீரை நிறுத்தி, பகலில் சாளரத்தைத் திறந்து, உறைபனி இறங்கும் இரவில் மட்டும் மூடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பூவோ முளையோ தெரிந்ததும் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். புதுவேர் இறங்கிய பிறகே நீரைக் கூட்ட வேண்டும். ஆர்க்கிட்டுகளை நேரில் பார்த்துப் பழக விரும்புபவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் பராமரிக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் வரலாம்.

காட்டிலிருந்து ஒரு கிழங்குகூட வேண்டாம்

நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பொதிகை மலையில்தான் பாபியோபெடிலம் டிரூரி என்ற தரை ஆர்க்கிட் இருக்கிறது. மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு, செருப்பு வடிவ உதடு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட் இது. 19-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டு, பின் நெடுங்காலம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1970-களில் மீண்டும் கிடைத்தது. செய்தி பரவியதும் சேகரிப்பாளர்கள் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். இன்று மிக அருகிய நிலையில் உள்ள தாவரம் அது. கேரளத்தின் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதைத் திசு வளர்ப்பில் பெருக்கும் பணியைச் செய்திருக்கிறது.

செருப்பு ஆர்க்கிட்டுகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் எந்தச் செடியைப் பிடுங்குவதும் குற்றம். ஆர்க்கிட்டுகள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. வெளிநாட்டுக் கிழங்கை உரிய ஆவணம் இல்லாமல் தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் சிக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்ற பெயரில் வரும் உலர்ந்த கிழங்கும் ஆர்க்கிட் இனம்தான். தரை ஆர்க்கிட்டில் கிழங்கை எடுத்தால் செடியே போயிற்று. கீரை பறிப்பதுபோல் மறுபடி துளிர்க்காது. "மலையிலிருந்து கொண்டுவந்தது" என்று யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படி வந்த கிழங்கு தன் மண்ணின் பூஞ்சைத் துணையை இழந்து பெரும்பாலும் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதில்லை.

வருமானம் பற்றி

தோவாளைச் சந்தையில் பிச்சி, மல்லிகை போலக் கிலோ கணக்கில் விற்கும் பூ அல்ல இது. தரை ஆர்க்கிட்டைப் பூத்த தொட்டியாகத்தான் விற்க முடியும். எனவே நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இது துணை வருமானம். வாழையையோ நெல்லையோ விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம்.

முதல் ஆண்டு ஸ்பாத்தோகுளோட்டிஸ் 50 தொட்டி, கிழங்கு வகை 5 தொட்டி. அந்த 5 கிழங்கும் ஒரு கார்த்திகையைத் தாண்டி வைகாசியில் முளைக்கட்டும். அதன்பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கிழங்கு வகையை விற்கும்போது, "ஐப்பசியில் இலை பழுக்கும், தண்ணீரை நிறுத்துங்கள், தொட்டியை மழையில் வைக்காதீர்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். வாங்கியவர் தொட்டி பிழைத்தால் அடுத்த ஆண்டும் உங்களிடம்தான் வருவார்.

அந்த இளைஞரின் பையில் இருந்த கிழங்குகளைக் கொட்டிப் பார்த்தோம். ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தது. சுண்டைக்காய் அளவுதான். கரித்தூள் தடவிக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தேன். உலர்ந்த மணலில் வைத்து, படிக்கட்டின் கீழே தள்ளிவிட்டு, வைகாசி வரை மறந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.